ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு டிக் அசைவுகளும் சேர்ந்து வந்தால்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. 4 வயதில் கண்டியில் காட்டியபோது ஓட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது தோட்டப் பாடசாலையில் தரம் 4 படிக்கிறான். சின்னச் சின்ன வசனங்களாகப் பேசுவான். எட்டு மாதங்களுக்கு முன் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினான். பிறகு மூக்கை உறிஞ்சினான். இப்போது கழுத்தை வலப்பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கிறான். ‘ஹுக்’ என்று ஒரு சத்தமும் வருகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் கண்ணுக்குத் துளி மருந்து தந்தார்கள், நிற்கவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் துருதுருப்புக்காக கிளினிக்கில் மெதில்பெனிடேட் தந்தார்கள். அதனால்தான் இப்படி ஆகிறதோ என்று பயந்து நானாகவே நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றே செய்கிறான் என்று ஆசிரியை சொல்கிறார். பிள்ளைகள் அவனைப் போலச் செய்து காட்டிச் சிரிக்கிறார்கள். அவனுடைய அப்பா இரண்டு முறை அடித்துவிட்டார். அவருக்கும் சிறுவயதில் தோளைக் குலுக்கும் பழக்கம் இருந்ததாக மாமியார் சொல்கிறார். ஓட்டிசம் முற்றிவிட்டதா? ஃபோன் பார்ப்பதால் வந்ததா? அட்வான்ஸ் எடுத்துத் தலை ஸ்கேன் எடுக்கட்டுமா? 3 வயது மகளுக்கும் வருமா? அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத முடியுமா?
– தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய்

பதில் (சிறுவர் மனநல வைத்தியர்):

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகனின் ஓட்டிசம் முற்றவில்லை. அவன் வேண்டுமென்றும் செய்யவில்லை. இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் பாடசாலையிலும் இப்போது நடக்கும் வேதனைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு தவறான எண்ணங்களிலிருந்தே பிறக்கிறது. பிள்ளையை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்வது முறையாகாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, கண்ணில் தொடங்கி மூக்குக்கும் அங்கிருந்து கழுத்துக்கும் போய், பிறகு ஒரு சத்தமும் சேர்ந்துகொண்ட அந்த வரிசை, ‘டிக்’ என்று நாங்கள் சொல்லும் திடீர் அசைவுகளுக்கே உரியது. அவை பெரும்பாலும் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில், முகத்திலும் தலையிலுமே தொடங்கும். உங்கள் மகனைப் போலச் சற்றுப் பிந்தித் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. சில வாரங்கள் கூடும், சில வாரங்கள் குறையும், ஒன்று மறைந்து இன்னொன்று வரும்.

தும்மல் வரப்போகும்போது மூக்குக்குள் ஏற்படும் உறுத்தலைச் சற்று நேரம் அடக்கிப் பார்க்கலாம். முடிவில் தும்மித்தான் ஆகவேண்டும். டிக் உள்ள பலருக்கும் அதற்கு முன்னால் அந்த இடத்தில் அப்படியோர் உறுத்தல் எழுகிறது, அசைத்தவுடன் தணிகிறது. ஆகவேதான் கொஞ்ச நேரம் அடக்க முடிகிறது. அடக்க முடிவதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் ‘நினைத்தால் நிறுத்துகிறானே, அப்படியானால் வேண்டுமென்றுதானே செய்கிறான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பலருக்கு இந்த உறுத்தலைச் சொல்லத் தெரியாது. உடம்புக்குள் நடப்பதைச் சொற்களில் சொல்வதே சிரமமாக உள்ள ஓட்டிசப் பிள்ளைக்கு அது இன்னும் கடினம். உங்கள் மகன் பாடசாலையில் அடக்கி அடக்கி இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தவுடன் ஒரே மூச்சில் கழுத்தை இழுப்பானாக இருந்தால், வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். பகல் முழுவதும் பிடித்து வைத்திருந்ததை அவன் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் விடுகிறான்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் இதைக் கண்டுபிடிப்பது ஏன் தாமதமாகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் பல இருக்கும். ஆகவே புதிதாக எது வந்தாலும் ‘அது ஓட்டிசம்தான்’ என்று எல்லோரும், சில வேளை வைத்தியர்களும், கடந்து போய்விடுகிறார்கள். மலைக்குக் கொழுந்து லொறி ஏறி வரும் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் ஒன்றாகப் படபடவென்று அடித்துத் துள்ளுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த அசைவு பெரும்பாலும் 3 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். வருடக்கணக்காக ஒரே விதமாக, ஒரே தாளத்தில் இருக்கும். அதில் பிள்ளைக்கு மகிழ்ச்சியோ ஆறுதலோ கிடைக்கும். பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். டிக் அப்படி இருக்காது. தாளமில்லாமல், மின்னல் வேகத்தில், ஒரு பக்கமாகவும் வரும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்போதும் வரும். பிள்ளையின் முகத்தில் சந்தோசம் தெரியாது. சில வேளை எரிச்சல் தெரியும். சத்தங்களிலும் இதே வேறுபாடு உண்டு. பஸ் கண்டக்டர் கூவுவதுபோல் ‘ஹட்டன், ஹட்டன்’ என்று ஒரு பிள்ளை நாள் முழுவதும் அதே இராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தால் அது கேட்டதை மீண்டும் சொல்லும் ஓட்டிச இயல்பு. பேச்சுக்கு நடுவில் பொருளில்லாமல் வெடித்து வரும் ‘ஹுக்’ அதுவன்று.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கை அடிப்பதும் ஆடுவதும் பிள்ளை தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் காயம் ஏற்படாதவரை அதை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. டிக் அவன் விரும்பாமல் வருவது. அது அவனுக்கு வலியையோ அவமானத்தையோ தந்தால் உதவி செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லா அசைவுகளையும் ‘செய்யாதே, செய்யாதே’ என்று தடுத்தால், ஆறுதலையும் பறித்து டிக்கையும் கூட்டிவிடுவோம்.

ஓட்டிசமும் டிக்கும் சேர்ந்து வருவது அபூர்வமன்று. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. சிலவற்றில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான பிள்ளைகளுக்கும், சிலவற்றில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் டிக் இருந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மற்றப் பிள்ளைகளை விட அதிகம். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளையின் உட்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் இடையிலான நரம்புத் தொடர்புகளில் உள்ள வேறுபாடே டிக்குக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளைப் போல மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. ஃபோன் இதை உண்டாக்குவதில்லை, வளர்ப்பும் உண்டாக்குவதில்லை. இரவில் வெகுநேரம் ஃபோன் பார்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் அசைவுகள் கூடலாம், அவ்வளவே.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் மாமியாரின் நினைவுதான். மகனை அடித்த தந்தைக்கும் சிறுவயதில் தோளைக் குலுக்கும் பழக்கம் இருந்திருந்தால், அதுவும் டிக்காக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அவருக்கு யார் என்ன சொன்னார்கள், எப்படித் திட்டினார்கள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். குற்றம் சுமத்துவதற்காகக் கேட்க வேண்டாம். மகனின் நிலையை வீட்டில் எல்லோரையும் விட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான் என்பதற்காகக் கேளுங்கள். அடியினால் டிக் நிற்பதில்லை; பயம் கூடக் கூட அதுவும் கூடும். உங்கள் கணவர் இந்தப் பதிலை வாசிப்பார் என்று நம்பி அவரிடம் நேராகவே கேட்டுக்கொள்கிறேன்: ஐயா, இனி அவன் மேல் கை வைக்க வேண்டாம். சின்ன மகளுக்கு இது வருமா என்று இப்போது சொல்ல முடியாது. குடும்பத்தில் இருப்பதால் வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஆனால் வராமலே போகும் பிள்ளைகள்தான் அதிகம். அவளுடைய கண்ணையும் கழுத்தையும் தினமும் கவனித்துக்கொண்டிருக்காதீர்கள். அவளுடைய பேச்சும் விளையாட்டும் வயதுக்கேற்ப வளர்கின்றனவா என்பதை மட்டும் மிட்வைஃப் வரும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

உடல் அசைவு டிக்குகள் பலவும் சத்த டிக் ஒன்றாவதும், 18 வயதுக்கு முன் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நீடித்திருந்தால், அதற்கு டூரெட் நிலை என்று பெயர். 1885இல் பாரிஸில் ஜோர்ஜ் ஜில் டி லா டூரெட் என்ற நரம்பியல் வைத்தியர் 9 நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த பெயர் அது. உங்கள் மகனுக்கு எட்டு மாதங்களே ஆகியிருப்பதால் இப்போதைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நாளை கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொன்னாலும் பதற வேண்டியதில்லை. டூரெட் என்றால் கெட்ட வார்த்தை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானோருக்கோ மட்டுமே வருவது.

டிக் போலவே தோன்றி, வேறு சிகிச்சை தேவைப்படும் சில நிலைகளை வைத்தியர் விலக்கிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு மருந்து தந்தது பிழையன்று. கண் அரிப்பும் பார்வைக் குறையும் சிமிட்ட வைக்கும். நம் மலையகத்துக் குளிரில் சளியும் மூக்கு ஒவ்வாமையும் ஓயாதவை என்பதால் மூக்கை உறிஞ்சுவதையும் தொண்டையைச் செருமுவதையும் முதலில் அந்தப் பக்கம் பார்ப்பதும் சரியே. இவற்றை விட முக்கியமானது, தொண்டைத் தொற்றைத் தொடரும் வாதக் காய்ச்சலின் ஒரு பகுதியாக வரும் ஒரு வகை அசைவு நோய். தொண்டைப் புண் வந்துபோய் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, பிள்ளையின் கைகால்கள் நெளிந்து நெளிந்து ஓயாமல் அசையும், கோப்பையைக் கை நழுவ விடுவான், நேற்று வரை நன்றாக இருந்த கையெழுத்து கெட்டுப்போகும், காரணமில்லாமல் அழுவான். நெருக்கமான லயங்களில் தொண்டைத் தொற்று ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு எளிதில் பரவும். இந்த நோய் இதயத்தின் வால்வுகளையும் கெடுக்கக்கூடியது, நீண்ட காலம் பென்சிலின் ஊசி தேவைப்படுவது. ஆகவே இந்த அறிகுறிகள் தென்பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். வலிப்பும் கவனத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அது மற்றவர்களை விட அதிகம். அசைவு வரும் கணத்தில் பேச்சு பாதியில் நின்று, பார்வை வெறித்து, கூப்பிட்டால் கேட்காமல் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கழுத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கழுத்தை மிகப் பலமாக வெட்டி இழுக்கும் டிக், அரிதாக, கழுத்தெலும்புக்குள் உள்ள நரம்பைப் பாதிக்கலாம். கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இவை எதுவும் இல்லாமல், வைத்தியர் பரிசோதித்து டிக் என்று உறுதி செய்துவிட்டால், தலை ஸ்கேன் தேவையில்லை. டிக்கை ஸ்கேனில் காண முடியாது. சம்பளத்தில் அட்வான்ஸ் எடுத்து அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

மெதில்பெனிடேட் பற்றி உங்களுக்கு ஏற்பட்ட பயம் இயல்பானது. வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் பயந்தார்கள். துருதுருப்பும் டிக்கும் சேர்ந்திருந்த 136 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்த பிள்ளைகளை விட மெதில்பெனிடேட் எடுத்த பிள்ளைகளுக்கு டிக் அதிகமாகக் கூடவில்லை. உங்கள் மகனின் கணக்கைப் பார்த்தாலும், அசைவுகள் தொடங்கி எட்டு மாதம், மாத்திரை தொடங்கி நான்கு மாதம். மாத்திரை வருவதற்கு முன்பே அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தான். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்தோடு டிக் கூடுவதும் உண்டு என்பதால், நிறுத்தியதை மறைக்காமல் அதே கிளினிக்கில் சொல்லி, மீண்டும் தொடங்குவதா, அளவை மாற்றுவதா என்று அவர்களோடு பேசி முடிவெடுங்கள். நிறுத்திய பின் டிக் குறைந்ததா, அப்படியே இருந்ததா என்பது அவர்களுக்கு மிகவும் பயன்படும் செய்தி.

வீட்டில் செய்ய வேண்டியது, சொல்ல எளிது, கடைப்பிடிக்கக் கடினம்: டிக்கைப் பார்க்காதது போல் இருங்கள். ‘கழுத்தை ஆட்டாதே’ என்று சொல்லக் கூடாது, ‘இன்றைக்கு நன்றாக அடக்கினாய்’ என்று பாராட்டவும் கூடாது, ஏனென்றால் இரண்டுமே அவனுடைய கவனத்தை அங்கேயே கொண்டுபோகின்றன. பாட்டி கயிறு ஏதும் கட்டியிருந்தால், அது அவன் கையை அறுக்காதவரை இருந்துவிட்டுப் போகட்டும். அவருடைய அன்பு அதில் இருக்கிறது. ஆனால் மந்திரிக்கிறோம் என்று மிளகாய்ப் புகை காட்டுவதற்கோ, பிடித்து உலுக்குவதற்கோ இடம் கொடுக்காதீர்கள். பாடசாலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் அவனுக்கு வேண்டும். லயத்துக் காம்பராவில் தனியறை ஏது என்று கேட்பீர்கள்; இஸ்தோப்பின் ஒரு மூலையில் பாயை விரித்து, அந்த நேரத்தில் அது அவனுடைய இடம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் போதும். களைப்பு, தூக்கக் குறைவு, பயம் மட்டுமன்றி மகிழ்ச்சியான பரபரப்பும் டிக்கைக் கூட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்திலோ, மாசியில் காமன் கூத்துக்குத் தப்புச் சத்தம் இரவு முழுவதும் கேட்கும்போதோ அசைவுகள் திடீரென்று கூடினால், நோய் திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டாம். சத்தமே தாங்காத ஓட்டிசப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட இரவுகள் இரட்டைச் சுமை. காதை மூடிக்கொள்ளவும் எழுந்து உள்ளே போகவும் அவனை அனுமதியுங்கள்.

ஆசிரியையிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அவரிடம் மூன்று உதவிகளைக் கேளுங்கள். அவனை முன்வரிசையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்காமல் ஓரத்தில் உட்கார வைக்கட்டும். சத்தம் கூடும் நேரத்தில் இடாப்பை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா என்பது போன்ற ஒரு வேலை கொடுத்து, அவமானமில்லாமல் வெளியே போய்வரச் செய்யட்டும். மற்றப் பிள்ளைகள் செய்து காட்டிச் சிரிப்பதை, உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை தெளிவாக விளக்கி நிறுத்தட்டும்: ‘அவனுடைய உடம்பு அப்படிச் செய்கிறது, அவன் செய்யவில்லை, அது தொற்றாது.’ மூன்றாவது உதவிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கழுத்து வலியை விடக் கேலி ஆழமாகப் போகிறது, அதிலும் கேலியைச் சொல்லி அழத் தெரியாத பிள்ளைக்குள்.

இவ்வளவும் செய்தும் கழுத்து வலியோ, தூக்கக் கேடோ, பாடசாலைக்குப் போக மறுப்போ இருந்தால் சிகிச்சை தேவை. மருந்துக்கு முன் முயல வேண்டியது நடத்தைப் பயிற்சி. உறுத்தல் எழும்போது டிக்கோடு ஒத்துப்போகாத வேறோர் அசைவைச் செய்யப் பழக்குவதே அதன் அடிப்படை. கழுத்தை இழுக்கும் பிள்ளை, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, கழுத்தை மெல்ல இறுக்கி, நேராகப் பார்த்தபடி, உறுத்தல் தணியும்வரை ஒரு நிமிடம் அளவுக்கு இருக்கப் பழகுவான். சத்தம் வருபவன் வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடப் பழகுவான். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைப் படங்களாக வரைந்து, சிறு சிறு பகுதிகளாக, விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு டிக்கை மட்டுமே எடுக்க வேண்டும். அதுவும் அவனைத் தொந்தரவு செய்யும் டிக்கை, நம்மைத் தொந்தரவு செய்யும் டிக்கை அல்ல. இதை நீங்களாகவே வீட்டில் தொடங்க வேண்டாம். முறை தெரியாமல் செய்தால் ‘அடக்கு’ என்பதன் இன்னொரு வடிவமாகிவிடும்.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் குளோனிடின் போன்ற மென்மையானதில் தொடங்குவார்கள். அது தூக்கக் கலக்கம் தரலாம், இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம். முக்கியமாக, அதை மெதில்பெனிடேட்டை நிறுத்தியது போல உடனே நிறுத்திவிடக் கூடாது. இரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை டிக்கைக் கூடுதலாகக் குறைக்கும். பசியையும் உடல் எடையையும் கூட்டும் என்பதால் எடையும் இரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். எந்த மருந்தும் டிக்கை அடியோடு எடுத்துவிடாது. வலியும் இடைஞ்சலும் குறைந்தால் அதுவே வெற்றி.

இது மாறுமா என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும். டிக் பெரும்பாலும் 10 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதின் பின்பகுதியில் பலருக்குக் குறைகிறது. சிலருக்கு மறைந்தே போகிறது, சிலருக்குப் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. ஆகவே அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் சற்றுக் கூடினாலும் மனம் தளர வேண்டாம். ஆனால் பதின்ம வயதில் அவன் முன்பை விட ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், அது டிக்கினால் வந்த மனச்சோர்வாக இருக்கலாம். ‘ஓட்டிசம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேரும் அதற்குரிய சம்பளமும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும், ஆகவே போகும் நாள் வீணாகாமல் இருக்கட்டும். வைத்தியருக்கு முன்னால் பல பிள்ளைகளுக்கு டிக் வருவதில்லை. வீட்டில் வரும்போது, அவனுக்குத் தெரியாமல், முகமும் கைகளும் தெரியும்படி ஓரிரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். அவன் கை அடித்துத் துள்ளுவதும் உண்டென்றால் அதையும் தனியாக எடுங்கள். எந்த மாதம் எது தொடங்கியது, எந்த மருந்து எப்போது தொடங்கி எப்போது நின்றது, கடைசியாகத் தொண்டைப் புண் எப்போது வந்தது, கணவரின் சிறுவயதுப் பழக்கம் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொழி தடையாக இருக்கும் என்று தயங்கினால், சிங்களம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது தாளைச் சிங்களத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ சிறுவர் வைத்தியரிடம் முதலில் காட்டலாம். மேலும் பார்க்க வேண்டியிருந்தால், பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கு அவர்களே கடிதம் தருவார்கள்.

பரீட்சையை அவன் எழுதலாம். டிக் அறிவைத் தொடுவதில்லை. ஆனால் அடக்கிக்கொண்டு எழுதுவது நேரத்தைத் தின்னும். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகள் செய்யப்படுவதுண்டு. அவற்றை மருத்துவச் சான்றிதழுடன் அதிபர் மூலம், விண்ணப்பம் போகும் காலத்திலேயே கேட்க வேண்டும். சத்தம் வரும் பிள்ளை என்பதால் தனியாக உட்கார வைக்க முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். சான்றிதழுக்காக இன்னொரு நாள் பேரை இழக்காமல், இந்த முறை கிளினிக்குக்குப் போகும்போதே அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.